இரண்டு புரதங்களும் ஒரு டப்பா கண்ணாடி மணிகளும்

என் அண்ணனின் கையெழுத்து சுருங்கிக்கொண்டே வருவதை முதலில் கவனித்தவர் அவன் அலுவலகத்தில் பதிவேடுகளைச் சரிபார்க்கும் ஓர் அதிகாரி. அண்ணன் டெல்லி விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு டெக்னீஷியன். ஒரு திருகைத் தொட்டாலும், வேலை முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தைந்து வருடமாகப் பெரிதாக வளைத்து வளைத்துப் போட்டவன், அந்தக் குளிர்காலத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி போட்டிருந்தான். "இது உங்க கையெழுத்துதானா?" என்று அந்த அதிகாரி இந்தியில் கேட்டிருக்கிறார். "அச்சா, நாளையிலிருந்து பெரிசா போடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மறுநாள் முயன்றும் முடியவில்லை. முதல் எழுத்து பெரிதாக வந்தது. அடுத்தடுத்த எழுத்துகள் அவனைக் கேட்காமலே குறுகிப்போயின.

ஐந்து மாதம் அவன் இதை வீட்டில் சொல்லவில்லை.

நான் ஒரு புரத ஆய்வாளர். பார்க்கின்சன் நோயில் சம்பந்தப்பட்ட ஒரு புரதத்தைத்தான் ஆறு வருடமாகத் தென் டெல்லியில் ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து சுருங்குவது அந்த நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று என்பது எனக்குப் பாடம். சனிக்கிழமைதோறும் டெல்லியின் மேற்கே துவாரகாவில் அண்ணன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒன்றும் கவனிக்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பே இன்னொன்று நடந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய், அப்பளம், கட்டிப் பெருங்காயம் எல்லாம் வாங்கிக்கொண்டு அவன் காரில் ஏறினேன். பெருங்காயப் பொட்டலம் பிரிந்துவிட்டது. கார் முழுக்க நெடி. நான் கண்ணாடியை இறக்கினேன்.

"வெளியே இவ்வளவு புகை, எதுக்கு இறக்குறே?" என்றான்.

"பெருங்காய நெடி தாங்கல அண்ணா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

நவம்பர் மாதம் அது. டெல்லியில் நவம்பரில் யாருக்கு மூக்கு ஒழுங்காக வேலை செய்கிறது? காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சிரித்தோம். மோப்பம் போவதும் அதே பாடத்தில், அதே பக்கத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் அந்தப் புரதத்தைத் தூள் தூளாக அலசுகிறவளுக்கு அது சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தபோது அடையாளம் தெரியவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அண்ணிதான் கடைசியில் பிடித்தார். அண்ணி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். சாயங்காலம் இரண்டு பேரும் தங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்குள் நாலு சுற்று நடப்பார்கள். "உங்கண்ணன் வலது கையை வீசவே மாட்டேங்குறாரு. ஏதோ கைக்குள்ள வச்சுக்கிட்டு நடக்குற மாதிரி நடக்குறாரு. வலது கால் செருப்பு மட்டும் தேயுது" என்று எனக்குப் போன் செய்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டபோது பதிவேட்டு விஷயத்தையும் அண்ணன் சொன்னான்.

நரம்பியல் மருத்துவரிடம் மூன்று பேரும் போனோம். அவர் அண்ணனைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தாளம் போட்டது. வலது கை பத்துத் தட்டுக்குள் தளர்ந்து, விரல்களுக்கு இடையே இருந்த இடைவெளி சிறிதாகி, நின்றுவிட்டது. வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மாத்திரைகள் அசைவை நன்றாக ஆக்கும், பல வருடங்கள் ஓட்டலாம். ஆனால் உள்ளே நடப்பதை நிறுத்துகிற மருந்து இன்னும் இல்லை. அண்ணன் எல்லாவற்றுக்கும் "டீக் ஹை, டீக் ஹை" என்று சரி சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

அன்று மதியம் துவாரகாவில் சாப்பாட்டு மேஜையில்தான் அண்ணன் கேட்டான். "பாப்பா, நீ பண்ற வேலையும் இதுதானே?"

எனக்கு நாற்பத்து மூன்று வயது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"ஆமாண்ணா."

"அப்ப சொல்லு. என் தலைக்குள்ள என்ன நடக்குது?"

நான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்கு ஓடிவிட்டேன். நாங்கள் டெல்லி கரோல் பாகில் ஒரு வாடகை மாடிவீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா மத்திய அரசு குமாஸ்தா. வீட்டில் திருச்சித் தமிழ், தெருவில் இந்தி, படிப்பு முழுக்க ஆங்கிலம். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நில்லு. இனிமே மாத்திரை குடுக்கப்போறது நான். எனக்குப் புரியுற மாதிரி தமிழ்ல சொல்லு."

அன்று இரண்டு மணி நேரம் ஆனது. இவ்வளவுதான் சொன்னேன். மூளையின் அடியில் கருமை படிந்த சிறு பகுதி ஒன்று இருக்கிறது. உடம்பை அசைக்கத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தை அனுப்புவது அங்கிருக்கும் நரம்பு செல்கள். அவை மெல்ல மெல்லச் சாகின்றன. செத்துக்கொண்டிருக்கும் செல்களுக்குள் பார்த்தால் புரதக் கட்டிகள் தெரியும். அந்தக் கட்டிகளில் அதிகம் இருப்பது ஆல்ஃபா-சைனுக்ளின். அது வெளியிலிருந்து வந்த விஷம் இல்லை. எல்லார் மூளையிலும் இருப்பதுதான். நரம்பு முனைகளில் தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பது. அதற்கென்று நிலையான வடிவம் கிடையாது, நூல் மாதிரி மிதக்கும். எப்போதாவது ஒன்று கோணலாக மடிந்துவிடும். அந்தக் கோணலை ஒட்டுகிற அடுத்ததும் அதே மாதிரி மடியும். அதன்மேல் இன்னொன்று. இப்படியே இழை இழையாக நீண்டுவிடும்.

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரி" என்றார் அண்ணி. "ஒரு சொட்டு போதும், பானை பூரா தயிராயிடும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணி."

"முதல் சொட்டு எங்கேருந்து வந்துச்சு?"

அதுதான் எங்கள் ஆய்வகத்தின் கேள்வியும். சிலருக்குப் பரம்பரையாக மரபணுவில் கோளாறு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை. ஒரு புரதம் தனியாகக் கெடுவதைவிட, இன்னொரு புரதத்தைத் தொடுவதால் கெடுகிறதோ என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு புரதத்தின் பெயர் டாவ். மறதி நோயில் கட்டிதட்டுவது அது. பல நோயாளிகளின் மூளையில் இரண்டும் சேர்ந்தே கட்டியாகிக் கிடக்கும். இரண்டும் சந்திக்கும்போது ஒன்றையொன்று கெடுக்கிறதா, கெடுத்தால் எவ்வளவு, எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதுதான் என் வேலை.

"பேரு என்ன சொன்னே?"

"டாவ்."

அண்ணி முகம் மாறியது. "ரெண்டும் டாவடிச்சுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லு" என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனபோது அதே மேஜை, அதே கருவிகள்தான். ஆனால் ஆறு வருடம் நிதானமாகப் பார்த்த வேலையை இனி நிதானமாகப் பார்க்க முடியாது என்று தோன்றியது. இப்போது யோசித்தால் அதில்தான் என் தப்பு தொடங்கியது.

எங்கள் சோதனையைச் சொல்வது எளிது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். சிலவற்றில் சைனுக்ளின் மட்டும், சிலவற்றில் டாவ் மட்டும், சிலவற்றில் இரண்டும். எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் சாயம். புரதம் இழையாகத் திரண்டால் மட்டுமே அந்தச் சாயம் ஒளிரும். குழிக்கு ஒரு கண்ணாடி மணி, மிளகு அளவில். தட்டை உடம்புச் சூட்டில் வைத்துக் குலுக்கும்போது அந்த மணி உருண்டு புரதத்தைக் கலக்கும். இயந்திரம் அவ்வப்போது ஒளியை அளந்து திரையில் கோடு போடும். இழை உருவாகும் வரை கோடு தரையோடு படுத்திருக்கும். உருவானதும் படியேறுகிற மாதிரி எழும்பும்.

முதல் தடவை மூன்று நாள் ஓடவிட்டேன். சைனுக்ளின் தனியாக இருந்த குழிகளில் கோடு அசையவில்லை. தனியாக விட்டால் அது எழும்ப நாலைந்து நாள் ஆகும். டாவ் தனியாக இருந்த குழிகளிலும் அசைவில்லை. கலந்த குழிகளில் மூன்றாம் நாள் கோடு எழும்பியது. இரண்டாம் தடவை செய்தேன். கலந்த குழிகளில் முதல் நாளே, சில மணி நேரத்தில் எழும்பிவிட்டது. மூன்றாம் தடவை இன்னும் வேகம். இரண்டாம் தடவையிலிருந்து, "இவ்வளவு சீக்கிரம் முடிவு தெரிகிறதே" என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடுவேன்.

எங்கள் ஆய்வகத் தலைவர் ஒரு வங்காளி அம்மாள். சுலபத்தில் பாராட்ட மாட்டார். அந்தக் கோடுகளை அச்செடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். வேறு ஊரில் நடக்க இருந்த ஒரு மாநாட்டுக்கு என் பெயரில் ஆய்வுச் சுருக்கம் அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதமாகியும் அவன் வேலைக்குப் போகாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். விமானத்தில் கை வைக்க இனி அனுமதி இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வேறு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்; அவனுக்கு மனசில்லை. ஏதாவது சொல்லி அவனை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும் என்றிருந்தது.

"ரெண்டும் சேர்ந்தா பத்து மடங்கு வேகமா கெடுது அண்ணா. அப்படீன்னா, ரெண்டையும் ஒட்டவிடாம தடுத்தா..."

முடிக்கவில்லை. அவன் புரிந்துகொண்டான். அடுத்த வாரம் போனபோது சொசைட்டி வாசலில் காவலுக்கு நிற்பவர், "மேடம், நீங்க அங்கிளோட வியாதிக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டீங்களாமே?" என்று இந்தியில் கேட்டார். லிஃப்டில் ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மாமனாருக்கும் அதே நோயாம். மருந்து ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மறுத்துப் பேசவில்லை. கோடுகள்தான் எழும்புகின்றனவே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மாநாட்டுக்கு ஒரு மாதம் இருந்தது. கடைசியாக ஒரு தடவை செய்துவிடலாம் என்று புதிதாகப் புரதம் தயாரித்தேன். கழுவக் கழுவத் தவறிப்போய் மணிகளும் குறைந்திருந்ததால் புதுப் பொட்டலம் பிரித்தேன். தட்டை வைத்துவிட்டுப் போய் மறுநாள் காலை வந்து பார்த்தால், கலந்த குழிகளிலும் கோடு படுத்திருக்கிறது. இரண்டாம் நாளும் படுத்தேதான் இருந்தது.

புரதம் சரியில்லை என்று நினைத்தேன். மறுபடி தயாரித்தேன். அப்போதும் எழும்பவில்லை. சாயத்தை மாற்றினேன். உப்புக் கரைசலைப் புதிதாகக் கலக்கினேன். தட்டு வாங்கும் கம்பெனியை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். "மூணு தடவை வந்திருக்கு. ஆரம்பக்கட்ட முடிவுன்னு சொல்லி மாநாட்டுல போஸ்டரை வைக்கலாமே. பொய் இல்லையே அது" என்றார்.

"காரணம் தெரியாம வைக்க மாட்டேன் மேடம்."

"ஒரு மாசம்கூட இல்லை."

"அதுக்குள்ள கண்டுபிடிக்கிறேன். முடியலைன்னா சுருக்கத்தைத் திரும்ப எடுத்துடுவோம்."

"சரி. போய்ப் பாரு" என்றார்.

ஒரு தாளை எடுத்து, புரதத்தைத் தொடுகிற ஒவ்வொரு பொருளையும் எழுதினேன். தண்ணீர், உப்பு, சாயம், குழாய், உறிஞ்சி, தட்டு, தட்டின் மூடி என்று போனது பட்டியல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மற்றதெல்லாம் பழையபடி, இதுதான் முடிவு. காலை எட்டு மணிக்குத் தட்டு வைப்பேன், மறுநாள் எட்டு மணிக்குப் பார்ப்பேன், பட்டியலில் ஒரு கோடு அடிப்பேன். சலிப்பான வேலை. அந்த நாட்களில் எனக்கு அந்தச் சலிப்பு தேவையாகவும் இருந்தது. பதினோராவது வரியில் "மணி" என்று எழுதியிருந்தேன்.

மணிகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவற்றை நாங்கள் தூக்கிப்போடுவதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆட்டோகிளேவ் என்ற பிரஷர் குக்கர் போன்ற இயந்திரத்தில் அவித்து, திரும்பப் பயன்படுத்துவோம். நான் அதிலும் ஒழுங்கு. கலந்த குழிகளில் போட்ட மணிகளுக்கு நீல மூடி டப்பா, தனிப்புரதக் குழி மணிகளுக்கு வெள்ளை மூடி டப்பா. ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதென்று நானே செய்த ஏற்பாடு. புதுப் பொட்டலம் வந்த பிறகு பழைய நீல டப்பாவின் அடியில் பத்துப் பன்னிரண்டு மணிகள் மிச்சமிருந்தன.

அவற்றை எடுத்து, டாவே இல்லாமல், சைனுக்ளின் மட்டும் இருந்த குழிகளில் போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து திரையைப் பார்த்தேன். தனியாக இருந்த சைனுக்ளின் கோடு எழும்பிக்கொண்டிருந்தது.

நின்றுகொண்டே பார்த்தேன். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். எல்லாம் தெளிவாகிவிட்டது. முதல் தடவை உருவான இழைகளின் துணுக்குகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. சோப்புக்கும் அவிப்புக்கும் அவை கலைந்து போகவில்லை. அடுத்த தடவை அந்த மணியைக் கலந்த குழியில் போட்டதும் அவையே அண்ணி சொன்ன உறைச் சொட்டாகிவிட்டன. ஒவ்வொரு தடவையும் துணுக்கு கூடக்கூட வேகமும் கூடியது. வெள்ளை டப்பா மணிகள் ஒருபோதும் இழையைப் பார்த்ததில்லை, ஏனென்றால் தனிப்புரதம் திரள்வதற்கு முன்பே நான் நிறுத்திவிட்டேன். அவை சுத்தமாகவே இருந்தன. பத்து மடங்கு வேகம் டாவின் வேலை அல்ல, என் நீல டப்பாவின் வேலை. டப்பாக்களைத் தனித்தனியாக வைக்காமல் ஒன்றாகக் கொட்டிவைத்திருந்தால், எல்லாக் குழிகளிலும் கோடு எழும்பி, அன்றே ஏதோ தப்பு என்று தெரிந்திருக்கும்.

உறுதிப்படுத்த மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். பிறகு தலைவரின் அறைக்குப் போனேன். சொல்லி முடித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சுவரில் ஒட்டியிருந்த கோடுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆய்வகத்துக்கு வெளியே யார்கிட்ட சொல்லியிருக்கே?" என்று கேட்டார்.

"அண்ணன்கிட்ட."

அண்ணனின் நோய் அவருக்குத் தெரியும். "முதல்ல அவர்கிட்ட சொல்லு. மாநாட்டுக்காரங்களுக்கு நான் எழுதிக்கிறேன்" என்றார். எழுந்து அந்தத் தாளை அவரே உரித்தெடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை வெறுங்கையோடு துவாரகாவுக்குப் போனேன். மார்க்கெட்டில் இறங்கத் தோன்றவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன்; அண்ணன் குறுக்கிடாமல் கேட்டான். வலது கை தொடையில் நடுங்கிக்கொண்டிருந்தது. முடித்ததும், "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றான்.

"நான் சொல்லச் சொல்லலையேண்ணா."

சொல்லியிருக்கக் கூடாத வாக்கியம். அவன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அண்ணி என்னைச் சாப்பிடச் சொன்னார். எனக்கு இறங்கவில்லை.

மூன்று சனிக்கிழமை போகவில்லை. போன் செய்தால் அண்ணிதான் எடுத்தார். "உன்மேல கோவம் இல்ல. எதிர்பார்த்துட்டாரு, அவ்வளவுதான். அந்த லிஃப்ட் அம்மாகிட்ட நான் போய்ச் சொல்லிட்டேன். காவல்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். நீ அதை நினைச்சுக் கிடக்காதே" என்றார். நான் செய்திருக்க வேண்டியதை அவர் வீடு வீடாகப் போய்ச் செய்திருந்தார். அன்று அழுதேன். அழுது முடித்ததும் ஒன்று உறுதியானது: முதல் தடவைப் பரிசோதனையை விடக் கூடாது. அதில் போட்டவை பழைய மணிகள் அல்ல, புத்தம்புதியவை. அப்போதும் கலந்த குழிகள் மூன்றாம் நாள், தனிப்புரதத்துக்கு முன்பே எழும்பின. பொய்யான வேகத்துக்கு அடியில் உண்மையான ஒரு சிறு வேகம் இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம். எதுவானாலும் தெரிந்துகொள்ளாமல் நகர்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நாலாவது வாரம் அண்ணனே போன் செய்தான். "உன் ஆபீஸைப் பார்க்கணும். செவ்வாக்கிழமை வரேன். கார் வேண்டாம், மெட்ரோல வரேன்."

"ஏண்ணா, நான் வந்து கூட்டிட்டு..."

"மெட்ரோலதான் வருவேன்."

துவாரகா நிலையத்தில் நான் சேர்ந்துகொண்டேன். அண்ணியும் வந்திருந்தார். வண்டி வந்து கதவு திறந்தது. அண்ணனின் கால்கள் கதவுக்கு முன்னால் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் எழும்பவில்லை. இந்த நோயில் வாசற்படி, கதவு, குறுகலான இடங்களில் இப்படி நேரும். பின்னாலிருந்து யாரோ, "பய்யா, ஜல்தி கரோ" என்று இந்தியில் அவசரப்படுத்தினார். நான் அவன் முழங்கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன்.

"இழுக்காதே, விழுந்துடுவாரு" என்றார் அண்ணி. தன் காலை அவன் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தார். "என்னங்க, என் காலைத் தாண்டுங்க."

அண்ணன் குனிந்து பார்த்தான். அவர் காலைத் தாண்டினான். தாண்டிய வேகத்திலேயே வண்டிக்குள் ஏறிவிட்டான். கதவு மூடியது. உள்ளே ஓர் இளம்பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "வேண்டாம்மா, நிக்கிறேன்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு தினமும் வீட்டு வாசலில் இதைப் பழகுகிறார்களாம். நான் வராத மூன்று வாரத்தில் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை அது.

ஆய்வகத்தில் அண்ணன் எல்லாவற்றையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். இன்னொருவர் பட்டறைக்குள் போன டெக்னீஷியன் அப்படித்தான் நிற்பான் போலிருக்கிறது. இரண்டு டப்பாக்களையும் காட்டினேன்.

"தனித்தனியா வச்சது யார் யோசனை?"

"என்னோடதுதான்."

"நல்ல யோசனைதான்" என்றான். பிறகு, "எங்க ஷெட்ல ஒரு பார்ட் எந்த விமானத்துல எத்தனை மணி நேரம் பறந்துச்சுன்னு அதுல கட்டியிருக்குற டேக்ல எழுதியிருக்கும். உன் மணிக்கு டேக் உண்டா?"

"இல்ல."

"அப்ப எது எங்கே இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் டப்பாவை மூடி வைத்தான். மூட மூன்று முயற்சி ஆனது. யாரும் உதவவில்லை.

"அப்ப ஒண்ணுமே இல்லையா பாப்பா?"

முதல் தடவைப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன். "ஏதோ இருக்கலாம்ணா. எவ்வளவுன்னு தெரியல. ஒண்ணும் இல்லாமலும் போகலாம்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஒழுங்கா பண்ணா, ஒரு வருஷம்."

"பண்ணு" என்றான். "இந்தத் தடவை முடியுற வரைக்கும் என்கிட்ட சொல்லாதே."

ஒரு வருடத்துக்கும் மேலானது. ஒவ்வொரு மணியையும் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போட்டேன். மேஜை, உறிஞ்சி, தட்டை வைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் ப்ளீச் கலந்த தண்ணீரில் துடைத்த பிறகே வேலை. எந்தக் குழியில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியக் கூடாதென்று, பக்கத்து மேஜைத் தோழியைக் கலக்கச் சொல்லி, எண் மட்டும் போடச் சொன்னேன். எந்த எண்ணில் எது என்ற சாவித்தாளை அவள் மூடிய உறையில் போட்டுத் தலைவரிடம் கொடுத்துவிடுவாள். தனிப்புரதம் எழும்பும் வரை ஓடவிட்டேன், எத்தனை நாளானாலும். மூன்று தனித்தனித் தயாரிப்புப் புரதங்களில் செய்தேன். நடுவில் ஒருநாள் மின்சாரம் போய்ப் பத்து நாள் உழைப்பு வீணானது. மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்பத் தட்டு வைத்தேன்.

உறைகளைப் பிரித்தது ஒரு வெயில்கால முற்பகல். தலைவர் படிக்கப் படிக்க நான் கோடுகளைப் பிரித்து அடுக்கினேன். கலந்த குழிகள் முன்னால் எழும்பியிருந்தன. மூன்று தயாரிப்பிலும். பத்து மடங்கெல்லாம் கிடையாது. தனிப்புரதம் எழும்புவதற்குச் சில மணி நேரம் முன்னால், அவ்வளவே. ஆனால் ஒவ்வொரு தடவையும் முன்னால். டாவின் ஒரு துண்டை வெட்டிவிட்டுக் கலந்த குழிகளில் அந்த முந்தல் இல்லை. இரண்டும் ஒட்டுவது அந்தத் துண்டில்தான் என்று நினைக்க இடமிருந்தது.

"சின்னதுதான்" என்றேன்.

"சின்னதுதான், ஆனா ஒரு ஆள் மூளைக்குள்ள அது அறுபது வருஷம் சேர்ந்துக்கிட்டே போகும் இல்லையா?" என்றார் தலைவர். "கட்டுரை எழுது. மணி விஷயத்தையும் எழுது. ஒரு பத்தி முழுக்க."

எழுதினேன். மணிகளைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு வேறு ஊர் ஆய்வகங்களிலிருந்து இரண்டு பேர், தாங்களும் மணிகளைக் கழுவித்தான் பயன்படுத்துவதாக எழுதினார்கள். எனக்கு வந்த கடிதங்களில் அவையே பிடித்தவை.

அண்ணனிடம் அந்தச் சனிக்கிழமை சொன்னேன். அதற்குள் அவன் வேலைக்குத் திரும்பியிருந்தான். விமானத்தைத் தொடுவதில்லை, புதிதாகச் சேருகிற டெக்னீஷியன்களின் பரிசோதனைத் தாள்களைச் சரிபார்க்கிறான். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் வேகமாக நடக்கிறான். அது தீரும் நேரத்தில் நாற்காலியிலிருந்து எழ அண்ணி கை வேண்டும். முகம் முன்பு போலச் சிரிப்பதில்லை. குரல் தாழ்ந்துவிட்டது. அதற்கும் பயிற்சி இருக்கிறது. தினமும் காலை பால்கனியில் நின்று உரத்த குரலில் இந்திச் செய்தித்தாள் படிக்கிறான். கீழ் வீட்டுக்காரர் முதலில் குறை சொன்னார், பிறகு தன் பேப்பரை வாங்குவதை நிறுத்திவிட்டார்.

முடிவைக் கேட்டுவிட்டு, "எத்தனை தடவை பண்ணே?" என்றான்.

சொன்னேன்.

"எல்லாத்துலயும் முன்னாடியா?"

"எல்லாத்துலயும்."

தலையசைத்தான். யாரிடமும் சொல்லப் போவதில்லை என்பது தெரிந்தது. அண்ணிதான் நேராகக் கேட்டார். "இது இவருக்கு உதவுமா?"

"இவருக்கு உதவாது அண்ணி. மருந்துன்னு ஒண்ணு வர்றதுக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. வராமலும் போகலாம்."

அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்து என்ன பண்ணப்போறே?" என்றான்.

"அந்தத் துண்டை இன்னும் சின்னதா வெட்டிப் பார்க்கணும். சரியா எந்தப் புள்ளியில ஒட்டுதுன்னு."

"எப்ப ஆரம்பிக்கிறே?"

"திங்கக்கிழமை."

"அப்ப சாப்பிடு" என்றார் அண்ணி. தட்டைப் போட்டார். அண்ணன் இடது கையால் சாம்பார்ப் பாத்திரத்தை என் பக்கம் மெதுவாகத் தள்ளினான். கொஞ்சம் சிந்தியது. அவனே துணியை எடுத்துத் துடைத்தான்.